இருபது நிமிட இடைவேளை

அத்தியாயம் 17

பேருந்தில் தலைகளை இரண்டு முறை எண்ணிவிட்டாள் பெவர்லி.

"முப்பத்தொண்ணு. எல்லாரும் வந்தாச்சு. உள்ள போய்த் தூங்கலாம்னு நினைக்கிறவங்க இப்பவே தூங்கி முடிச்சிடுங்க. போன வருஷம் கதாநாயகி உயிரை விட்டுட்டு இருக்கறப்போ நம்ம வரிசையிலேர்ந்து ஒரு குறட்டை! பாடினவளே திரும்பிப் பார்த்தா!"

பேருந்து முழுக்கச் சிரிப்பு. கணக்கு வாத்தியார், நூலகர், தோட்டக்காரர், துணைவேந்தரின் முன்னாள் செயலாளர் என்று எல்லோரும் ஒரே பல்கலைக்கழகத்தில் தலை நரைத்தவர்கள். ஆண்டுக்கொரு ஞாயிற்றுக்கிழமை பாமர்ஸ்டன் நார்த்திலிருந்து வெலிங்டன் போய் ஒரு ஆபரா இசைநாடகம் பார்த்துவிட்டு வருவது ஓய்வு பெற்றோர் சங்கத்தின் வழக்கம்.

ரேவினும் சிரித்தாள். சிரிக்காவிட்டால் கணவர் டெஸ்மண்ட் திரும்பிப் பார்ப்பார்.

அவளுக்கு ஜன்னலோர இருக்கை. அவரைத் தாண்டாமல் எழுந்திருக்க முடியாது. வழிக்கு அந்தப் பக்கம் நாத்தனார் கிளெனிஸ், பச்சைக் கோட்டைக் கழுத்து வரை பூட்டிக்கொண்டு, மடியில் தண்ணீர் பாட்டிலோடு உட்கார்ந்திருந்தாள். தேர்வு அலுவலகத்தில் முப்பத்தைந்து வருடம் வேலை பார்த்தவள், கல்யாணம் செய்துகொள்ளாதவள். அண்ணன் வீட்டுப் பின்கட்டில்தான் குடியிருப்பு. அண்ணன் சொன்னால் அவளுக்கு அது அச்சடித்த எழுத்து.

இன்னும் இரண்டே நாள்.

செவ்வாய்க்கிழமை காலை வக்கீல் அலுவலகத்தில், தன் பொறுப்பு முழுவதையும் டெஸ்மண்டிடம் ஒப்படைக்கும் பத்திரத்தில் ரேவின் கையெழுத்துப் போட வேண்டும். போட்டுவிட்டால் அப்புறம் டாக்டர் ஒரு வரி எழுதினால் போதும். அவள் எங்கே இருப்பது, யாரைப் பார்ப்பது எல்லாம் டெஸ்மண்ட் வைத்ததுதான் சட்டம். ஃபீல்டிங்கில் ஒரு முதியோர் இல்லத்தில் அறைகூடப் பார்த்து வைத்துவிட்டார். ஜன்னல் பார்க்கிங்கைப் பார்த்திருக்கும் அறை.

நாற்பத்தெட்டு வருடக் குடித்தனத்தில் அவள் அவரை எதிர்த்துப் பேசியது ஒரே ஒரு முறை. "கிர்ஸ்டனைப் பார்க்கப் போறேன்" என்றாள், இரண்டு வருடத்துக்கு முன்னால். அப்பாவோடு சண்டை போட்டுக்கொண்டு கடலுக்கு அந்தப் பக்கம் நெல்சனுக்குப் போய்விட்ட ஒரே மகள். அந்த வாரத்திலிருந்துதான் ரேவினுக்கு 'மறதி' தொடங்கியது. காலையில் ஒரு மாத்திரை, சாயங்காலம் ஒரு மாத்திரை. "டாக்டர் சொன்னார், கண்ணு." தலைக்குள் பஞ்சை அடைத்தது போல் ஆயிற்று. சொன்னதை மறந்தாள். அடுப்பை மறந்தாள். டாக்டர் எதிரில் நாற்காலியின் பெயரை மறந்தாள்.

பதினோரு நாளாக அந்த மாத்திரைகளை நாக்குக்கு அடியில் ஒதுக்கிக் குளியலறையில் துப்பி வருகிறாள். நான்காம் நாள் பஞ்சு விலகியது. ஏழாம் நாள் ஊர் நூலகத்தில், டெஸ்மண்ட் செய்தித்தாளில் முகம் புதைத்திருந்த ஐந்து நிமிடத்தில், அங்கே வேலை பார்க்கும் பெண்ணின் போனைக் கெஞ்சி வாங்கி மகளை அழைத்தாள். திட்டம் முழுக்க அந்த அழைப்பில் போட்டதுதான்.

இன்று அந்த மகள் வெலிங்டனில் இருக்கிறாள். கடல் தாண்டிக் காரோடு வந்திருக்கிறாள். நாடகக் கொட்டகையின் பக்கவாட்டுச் சந்தில் நீலக் கார். இடைவேளை இருபது நிமிடம். மாடிப் பெண்கள் கழிப்பறைக்கு இரண்டு வாசல். இரண்டாவது வாசல் பக்கப்படிக்குப் போகும். சாயங்காலக் கப்பலில் இருவருக்கும் இடம் இருக்கிறது.

"குளிருதா, கண்ணு?" டெஸ்மண்ட் அவள் கோட்டின் காலரைச் சரிசெய்தார். அதில் அவரே குத்திய அட்டை ஒன்று இருந்தது. என் பெயர் ரேவின். எனக்கு மறதி உண்டு. தனியாகக் கண்டால் இந்த எண்ணுக்குச் சொல்லவும்.

"இல்ல, டெஸ்."

"பாவம், எவ்வளவு பொறுமையா பார்த்துக்கறார்," என்று பின்வரிசையில் யாரோ சொன்னது தெளிவாகக் கேட்டது.

அதுதான் ரேவினின் பயம். கெட்டவர்களிடமிருந்து தப்பிவிடலாம். இந்த முப்பது பேரும் நல்லவர்கள். அவள் எந்தப் பக்கம் ஓடினாலும் கையைப் பிடித்து அன்பாகக் கொண்டுவந்து அவரிடமே ஒப்படைத்துவிடுவார்கள்.

---

லெவினில் பேருந்து நின்றது. பேக்கரியில் சாசேஜ் ரோல், காகிதக் கோப்பையில் தேநீர். பேருந்தின் நிழலில் நின்றே சாப்பிட்டார்கள்.

டெஸ்மண்ட் பையிலிருந்து சின்ன டப்பியை எடுத்தார். உள்ளங்கையில் இரண்டு வெள்ளை மாத்திரைகள்.

ரேவின் அவற்றைத் தொடவில்லை. "காலையில போட்டாச்சே?"

"போட்டியா?" அவர் புன்னகைத்தார். "கூட்டமா இருக்கும், சத்தமா இருக்கும். உனக்குப் பதட்டம் வந்துடும். கிளெனிஸ், தண்ணி குடு."

கிளெனிஸ் பாட்டிலைத் திறந்து நீட்டினாள்.

ரேவின் மாத்திரைகளை வாயில் போட்டாள். தண்ணீர் குடித்தாள். நாக்கு தன் வேலையைச் செய்தது.

"வாயைத் திற, கண்ணு."

முப்பது பேர் சுற்றி நின்றார்கள்.

"நாக்கைத் தூக்கு."

தூக்கினாள். அவர் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபமே இல்லை. "ஒட்டிக்கிச்சு பாரு. இன்னொரு வாய் தண்ணி." மாத்திரைகள் தொண்டையில் இறங்குவதை அவர் விரல் வைத்துப் பார்க்காத குறைதான்.

பெவர்லி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "உங்களை மாதிரி ஒருத்தர் எல்லாருக்கும் கிடைக்கணும், டெஸ்மண்ட்."

அப்படியானால் அவருக்குத் தெரிந்துவிட்டதா? எதுவரை தெரியும்? ரேவின் பேக்கரியின் கழிப்பறைக்கு நடந்தாள். பின்னாலேயே கிளெனிஸின் செருப்புச் சத்தம்.

கதவைத் தாழிட்டு, குழாயை முழுக்கத் திறந்துவிட்டுத் தொண்டைக்குள் விரலை விட்டாள். தேநீர் வந்தது. ரோல் வந்தது. கரைந்தும் கரையாமலும் ஒரு வெள்ளைத் துணுக்கு வந்தது. இன்னொன்று வரவில்லை. கண்ணில் நீர் கொட்டக் கொட்ட மறுபடி முயன்றாள். வரவில்லை.

"ரேவின்? என்ன பண்றே?"

"முகம் கழுவறேன்."

ஒரு மணி நேரம். அதற்குள் வேலை செய்ய ஆரம்பித்துவிடும். அப்புறம் சந்து எது, கார் எது, மகள் யார் என்பதே குழம்பிப்போகும். கண்ணாடியில் தெரிந்த கிழவியைப் பார்த்துத் தனக்குள் சொன்னாள்: நீலக் கார். பக்கப்படி. கிர்ஸ்டன். நீலக் கார். பக்கப்படி. கிர்ஸ்டன்.

---

இரண்டு மணிக்குத் திரை விலகியது.

மேடையில் ஒருத்தி இத்தாலிய மொழியில் நெஞ்சு வெடிக்கப் பாடினாள். மேலே பலகையில் ஓடிய ஆங்கில வரிகள் ரேவினுக்கு எறும்பு ஊர்வது போல் தெரிந்தன. கண் இமைகளில் யாரோ உட்கார்ந்திருந்தார்கள். தொடையைக் கிள்ளினாள். வளையலை மணிக்கட்டில் அழுத்தினாள். கன்னத்தின் உட்புறத்தைக் கடித்ததில் ரத்தம் கரித்தது.

நீலக் கார். பக்க... பக்க என்ன? படி. பக்கப்படி.

ஒரு கட்டத்தில் தலை டெஸ்மண்டின் தோளில் சாய்ந்துவிட்டது. அவர் அவள் கையைத் தட்டிக்கொடுத்தார். அந்தத் தட்டலில்தான் விழித்தாள்.

கைதட்டல். விளக்குகள் எரிந்தன.

"தலைவரே, வாங்க வாங்க!" பெவர்லி வரிசைக்குள் புகுந்து, சங்கத் தலைவரான டெஸ்மண்டின் முழங்கையைப் பிடித்தாள். "படிக்கட்டுல குரூப் போட்டோ. அப்புறம் ரெண்டு வார்த்தை நீங்க பேசணும். நேரம் கம்மி."

டெஸ்மண்ட் தங்கையைப் பார்த்தார். "இவளை விட்டு நகராதே."

"நகர மாட்டேன்."

மாடிக் கழிப்பறை வாசலில் பெண்கள் வரிசை வளைந்து நின்றது. ஐந்து நிமிடம் போயிற்று. ஏழு. முன்னால் இன்னும் இரண்டு பேர். ரேவினுக்குக் கால்கள் கடன் வாங்கியவை போல் இருந்தன.

"கிளெனிஸ், உள்ள இடம் சின்னது. இந்தக் கோட்டைக் கொஞ்சம் பிடிச்சுக்கறியா?"

கிளெனிஸ் வாங்கிக்கொண்டாள். அட்டையும் அதோடு போயிற்று.

ரேவின் உள்ளே போனாள். கை கழுவும் தொட்டிகளைத் தாண்டினாள். இரண்டாவது கதவைத் தள்ளினாள். படி. பக்கப்படி. கைப்பிடியை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டு ஒவ்வொன்றாக இறங்கினாள். கீழே இரும்புக் கதவு. அதைத் திறந்ததும் ஜூலைக் குளிர்காலத்துத் தெற்குக் காற்று அறைந்தது.

சந்து. தூரத்தில், மூலையில், நீலம்.

ஓடினாள். ஓடினாள் என்று அவள் நினைத்தாள். சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தாள்.

"ரேவின்!"

இருபது அடிகூடப் போயிருக்க மாட்டாள். கிளெனிஸ் மூச்சு வாங்க ஓடிவந்து மணிக்கட்டைப் பிடித்தாள். மறுகையில் கோட்டு.

"எங்க போறே நீ? இந்தக் குளிர்ல கோட்டுகூட இல்லாம? டெஸ் சொன்னப்போ நான்கூட முழுசா நம்பல. இப்போ கண்ணால பார்க்கறேன். வா உள்ள."

"கிளெனிஸ், அங்க கிர்ஸ்டன் நிக்கிறா. என்னை விடு."

"கிர்ஸ்டன் நெல்சன்ல இருக்கா. நீ குழம்பியிருக்கே. வா, கண்ணு."

அவளும் 'கண்ணு' என்றாள். அந்தச் சொல்லைக் கேட்டதும் ரேவினுக்குள் ஏதோ ஒன்று அறுந்தது.

"ஆகஸ்ட் ஒன்பது," என்றாள். நாக்கு தடித்திருந்தது. ஒவ்வொரு சொல்லாக வைத்தாள். "ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தொம்போது. சனிக்கிழமை. வாங்கனூய்ல கன்னியாஸ்திரிகள் நடத்தின அந்த வீடு. உனக்குப் பத்தொம்போது வயசு. உங்க அப்பா உன்னை அங்க கொண்டுபோய் விட்டுட்டு, நீ ஆக்லாந்துல டைப்ரைட்டிங் படிக்கறேன்னு ஊர் முழுக்கச் சொன்னார். டெஸ் அப்போ இங்கிலாந்துல இருந்தார். பஸ் பிடிச்சு வந்து உன் கூட இருந்தது யாரு?"

கிளெனிஸின் முகத்தில் இருந்த ரத்தம் எல்லாம் எங்கோ போயிற்று. நாற்பத்தொன்பது வருடமாக அந்தத் தேதியை யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. அவளே சொன்னதில்லை.

"பழசெல்லாம்... பழசெல்லாம் ஞாபகம் இருக்கும்னு டெஸ் சொன்னான். அந்த வியாதியில அப்படித்தான்னு..."

"இருக்கட்டும். வியாதின்னே வெச்சுக்கோ. ரெண்டு வருஷமா எனக்குப் புத்தி இல்ல. எது சொல்லணும், எது சொல்லக்கூடாதுன்னு தெரியல. அப்படித்தானே? அப்போ கிறிஸ்துமஸ் சாப்பாட்டு மேஜையில, உன் சர்ச் ஜனங்க நடுவுல, ஒரு தடவையாவது இது என் வாயிலேர்ந்து வந்ததா?"

காற்று கிளெனிஸின் நரைமுடியைக் கலைத்தது.

"புத்தி போனவ ரகசியத்தைக் காப்பாத்துவாளா, கிளெனிஸ்?"

கொட்டகைக்குள் முதல் மணி அடித்தது.

மணிக்கட்டைப் பிடித்திருந்த கை உடனே விடவில்லை. முதலில் தளர்ந்தது. அப்புறம் தானாகக் கீழே விழுந்தது.

"நான் உன்னைப் பார்க்கல," என்றாள் கிளெனிஸ். குரலே எழவில்லை. "போ. நான் உன்னைப் பார்க்கவே இல்ல."

---

துறைமுகத்தில் கார்கள் ஆறு வரிசையாக நின்றன. கிர்ஸ்டனின் நீலக் கார் நான்காவது வரிசையில். கப்பல் வாயைத் திறந்து வைத்திருந்தது. இன்னும் ஏற்ற ஆரம்பிக்கவில்லை.

"தூங்காதம்மா. என்கிட்ட பேசிக்கிட்டே இரு." கிர்ஸ்டன் ஒரு கையால் அம்மாவின் கன்னத்தைத் தட்டினாள். நாற்பத்து மூன்று வயது. நெல்சனில் படகு பழுது பார்க்கிறவள். கை சொரசொரவென்று இருந்தது. "நாளைக்குக் காலையில என்ன சாப்பிடலாம், சொல்லு."

"முட்டை," என்றாள் ரேவின். "ரெண்டு. அவர் ஒண்ணுதான் தருவார்."

கிர்ஸ்டன் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அப்போதுதான் ஒலிபெருக்கி கரகரத்தது. எழுபத்தொரு வயது ரேவின் ஹெஸ்லப்பைக் காணவில்லை, ஞாபக மறதி உள்ளவர், யாராவது பார்த்தால் போலீசாரிடம் சொல்லவும் என்று ஒரு பெண் குரல் இனிமையாகச் சொன்னது.

"படுத்துக்கோ! பின்சீட்டுல படுத்துக்கோம்மா, போர்வை இருக்கு."

போலீஸ்காரி ஒருத்தி முதல் வரிசையிலிருந்து ஒவ்வொரு காராகக் குனிந்து பார்த்துக்கொண்டு வந்தாள்.

ரேவின் அவளையே பார்த்தாள். போர்வைக்கு அடியில் ஒளிந்த கிழவியைக் கண்டுபிடித்தால் யார் நம்புவார்கள்? அவர் சொன்னதெல்லாம் அந்த இடத்திலேயே நிஜமாகிவிடும்.

கதவைத் திறந்து இறங்கினாள். கால் மடங்கியது. காரின் கூரையைப் பிடித்துக்கொண்டாள்.

"நான்தான்," என்றாள். "நீங்க தேடற ஆள் நான்தான்."

போலீஸ்காரியின் பெயர் அனஹேரா. இளம்பெண், சட்டைப்பையில் பெயர் இருந்தது. உடனே கையைத் தாங்கிப் பிடித்தாள். "நல்லவேளைம்மா. உங்க வீட்டுக்காரர் துடிச்சுப் போயிட்டார்."

"எனக்கு மறதி கிடையாது. அவர் மாத்திரை கொடுத்துக் கொடுத்து..."

"சரிம்மா, சரி. சும்மா ரெண்டு கேள்வி. இன்னைக்கு என்ன கிழமை?"

"ஞாயிறு."

"அருமை. என்ன மாசம்?"

தெரியும். தெரியும். குளிர்காலம். காலண்டரில் மலைப்படம் போட்ட பக்கம். அந்தச் சொல் ஒரு கதவுக்குப் பின்னால் நிற்கிறது. கதவு திறக்க மாட்டேன் என்கிறது.

"மே," என்றாள் ரேவின். "இல்ல. மே இல்ல."

அனஹேராவின் முகம் கனிந்தது. எல்லாம் முடிந்தது என்பதற்கு அடையாளம் அதுதான்.

"பரவாயில்லம்மா."

"மயக்க மருந்து கொடுத்திருக்காங்க இவங்களுக்கு!" கிர்ஸ்டன் காரைச் சுற்றி ஓடிவந்தாள். "மத்தியானம் ரெண்டு மாத்திரை! இவங்க கண்ணைப் பாருங்க!"

"நீங்க மகளா? நீங்க இதைத்தான் சொல்வீங்கன்னு அவர் முன்கூட்டியே சொன்னார்." அனஹேரா கடுமையாகப் பேசவில்லை. "டாக்டர் கடிதம் என் போன்ல இருக்கு. அவர் டாக்சியில வந்துட்டு இருக்கார். பத்து நிமிஷம். அதுவரைக்கும் நீங்க காரை எடுக்க வேண்டாம்."

முதல் வரிசைக் கார்கள் உறுமிக்கொண்டு கப்பலுக்குள் நகர ஆரம்பித்தன.

"கிளெனிஸ்," என்றாள் ரேவின்.

"யாரும்மா?"

"அவரோட தங்கச்சி. எங்க கூடவே இருக்கறவ. அவளைக் கேளுங்க. அவ என்னைப் பித்துன்னு சொன்னா நான் திரும்பிப் போறேன். சண்டை போட மாட்டேன்."

"அம்மா, அத்தையா? அவ அப்பா பக்கம்தான் பேசுவா!"

"கேளுங்க," என்றாள் ரேவின் மறுபடியும். வேறு யார் இருக்கிறார்கள்?

கிர்ஸ்டன் எண்ணைச் சொன்னாள். அனஹேரா எல்லோருக்கும் கேட்கும்படி போனைப் பிடித்தாள். நான்கு முறை மணி அடித்தது. ஐந்து. ஆறு.

"ஹலோ." பின்னால் வண்டி ஓடும் சத்தம்.

"மிஸ் ஹெஸ்லப்? வெலிங்டன் போலீஸ். உங்க அண்ணி என் கூடப் பத்திரமா இருக்காங்க."

"யாரது? போலீஸா?" டெஸ்மண்டின் குரல், மிக அருகில். ஆக இருவரும் ஒரே டாக்சியில். "போனை இப்படிக் குடு, கிளெனிஸ்."

ரேவின் கண்ணை மூடினாள். அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு அவள் என்ன சொல்ல முடியும்?

"அவங்க என்னைத்தான் கூப்பிட்டாங்க, டெஸ்," என்றாள் கிளெனிஸ்.

அவள் மூச்சு இழுத்து விடுவது கேட்டது.

"ரேவினுக்கு மறதி இல்லைங்க. இன்னைக்கு லெவின்ல அவன் ரெண்டு மாத்திரை கொடுத்தான். தண்ணி குடுத்தது நான். அது டாக்டர் அவளுக்கு எழுதினது இல்ல. என் தூக்க மாத்திரை. ரெண்டு வருஷமா என் பேர்ல நான் வாங்கறேன், அவன் கேட்கறான், நான் குடுக்கறேன். எதுக்குன்னு ஒரு நாள்கூட நான் கேட்கல. இப்போ கொட்டகை வாசல்ல உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். அந்த டப்பி அவன் கோட்டுப் பையில இருக்கு. என் பேர் போட்டிருக்கும்."

"இவளுக்கும் ஆரம்பிச்சுடுச்சு போலிருக்கு," என்றார் டெஸ்மண்ட். சிரிக்கப் பார்த்தார். டாக்சிக்குள் வேறு யாரும் சிரிக்கவில்லை.

அனஹேரா ரேவினின் கண்களை இப்போதுதான் உண்மையாகப் பார்த்தாள். டார்ச்சை எடுத்து ஒரு முறை அடித்துப் பார்த்தாள்.

"மிஸ் ஹெஸ்லப், இதை எழுதிக் கொடுப்பீங்களா?"

"கொடுப்பேன். என் மேல வழக்கு வந்தாலும் வரட்டும். ரேவின்கிட்ட ஒரு வார்த்தை பேசணும். அவ கேட்கறாளா?"

"கேட்கறேன், கிளெனிஸ்."

வண்டிச் சத்தத்துக்கு மேலே கிளெனிஸ் குரலை உயர்த்தினாள்.

"அன்னைக்கு நீ வராந்தாவுல நின்னே. என் முகத்துக்குக் குறுக்க துணி பிடிச்சிட்டாங்க. குழந்தையைத் தூக்கிட்டுப் போனதை நான் பார்க்கல. கேட்டதுக்கு யாரும் சொல்லல. அப்புறம் கேட்கற தைரியம் எனக்கு வரல." குரல் உடைந்தது. "ஆணா, பொண்ணா?"

"கிளெனிஸ், என்ன உளறல் இது?" என்றார் டெஸ்மண்ட்.

ரேவின் போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். மாதத்தின் பெயர் வராத தலையில் அந்த வராந்தா மட்டும் அப்படியே இருந்தது.

"பொண்ணு. தலை நிறையக் கறுப்பு முடி. கையை ஆட்டிக்கிட்டு, கத்திக்கிட்டே போனா. நல்ல குரல்."

மறுமுனையில் வந்த சத்தம் அழுகையா என்று தெரிவதற்குள் இணைப்பு அறுந்தது.

அனஹேரா குறிப்பேட்டில் வேகமாக எழுதினாள். நெல்சன் முகவரி, கிர்ஸ்டனின் எண். "நாளைக்குக் காலையில அங்க வேற ஒரு டாக்டர்கிட்ட ரத்தப் பரிசோதனை. நானே போன் பண்ணி ஏற்பாடு பண்றேன். அதுவரைக்கும் இவங்களை யாருக்கும் ஒப்படைக்க வேண்டாம்." காரின் கதவைத் திறந்துவிட்டாள். "போங்க. நான் டாக்சியை வாசல்ல நிறுத்தறேன்."

நான்காவது வரிசை நகர்ந்தது. கிர்ஸ்டன் அழுதுகொண்டே வண்டியை எடுத்தாள்.

இரும்புப் பாலத்தில் சக்கரம் ஏறும்போது ரேவின் பக்கவாட்டில் பார்த்தாள். கம்பிவேலிக்கு அந்தப் பக்கம் ஒரு பச்சைக் கோட்டு. கிளெனிஸ் தனியாக நின்றாள். பக்கத்தில் டெஸ்மண்ட் இல்லை. டாக்சியும் இல்லை. இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கி ஆட்டினாள்.

"அம்மா, அத்தை டாட்டா காட்டறா, பாரு!" கிர்ஸ்டன் ஹாரன் அடித்தாள்.

டாட்டா இல்லை. கிளெனிஸின் கைகள் திரும்பத் திரும்ப ஒரே திசையைக் காட்டின. வாய் எதையோ கத்தியது. காற்று அதைத் தூக்கிக்கொண்டு போயிற்று. ரேவின் அவள் கை போன பக்கம் நிமிர்ந்து பார்த்தாள்.

உயரத்தில், நடந்து ஏறுகிறவர்களுக்கான கண்ணாடிப் பாலம். கடைசி நான்கைந்து பேர் பெட்டிகளை இழுத்துக்கொண்டு போனார்கள். அவர்களுக்குப் பின்னால், கையில் பை எதுவும் இல்லாமல், அவசரமே படாமல், கைப்பிடியைத் தடவிக்கொண்டு ஒருவர் கப்பலை நோக்கி நடந்துகொண்டிருந்தார். சாம்பல் நிறக் கோட்டு. அந்த நடையை நாற்பத்தெட்டு வருடமாகக் காலடிச் சத்தத்திலேயே கண்டுபிடித்திருக்கிறாள் ரேவின். போலீஸ் நிற்கும் வாசலுக்கு முன்னாலேயே டாக்சியை விட்டு இறங்கியிருக்கிறார்.

"கிர்ஸ்டன்," என்றாள். "வண்டியை நிறுத்து."

"இங்க நிறுத்த முடியாதும்மா, பின்னால வண்டி வருது!"

கார் கப்பலின் இருட்டுக்குள் இறங்கியது. கடைசி வண்டியும் ஏறியதும் பின்னால் இரும்புக் கதவு மெல்ல எழுந்து மூடத் தொடங்கியது. மறுகரைக்கு மூன்றரை மணி நேரம்.